முழங்கால் வலிக்கு வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் அலுவிகாரை. அதைத் தாண்டினால் பலாபத்வல. மிளகும் கொக்கோவும் கராம்பும் விளைகிற பூமி. வீடுகள் பல பிரதான வீதியை விட்டு உள்ளே, ஏற்றத்திலும் இறக்கத்திலும் இருக்கின்றன. மண்ணில் வெட்டிய படி, கல் பதித்த ஒற்றையடிப் பாதை, மழைக்காலத்தில் பாசி பிடிக்கிற சீமெந்து முற்றம். இந்த வழிகளில் ஐம்பது அறுபது வருடம் சுமையோடு ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள் ஒருநாள் பஸ் ஏறி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்து சேர்கின்றன.

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் பார்க்கிறார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார், குளிசை தருகிறார், இயன்மருத்துவத்துக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுக்கிறார். அந்தத் துண்டில் மூட்டுத் தேய்வு என்றிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் துண்டில் பாரிசவாதம். அடுத்தவருடையதில் நாரி வலி. துண்டில் எழுதப்படாத ஒன்று இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. இயன்மருத்துவப் பிரிவின் வாங்கில் காத்திருக்கும் முதியவர், அதே ஊரில் அதே வயதில் சுகமாக நடமாடுபவரைவிட விழுவதற்கு அதிக வாய்ப்புள்ளவர். வலிக்கும் மூட்டு, பலமிழந்த தொடை, உணர்வு மங்கிய பாதம் என்று எவை அவரை அங்கே கொண்டுவந்தனவோ, அவையே அவரைக் கீழே தள்ளக்கூடியவையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்தால் வரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் நடக்கின்றன. 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தடவையாவது விழுகிறார்கள். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம், அந்தப் பங்கு தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே இது ஒரு சில வீடுகளின் துயரம் அல்ல.

விழுவது விதி, வயது போனால் அப்படித்தான் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி அதை ஏற்காமல் எண்ணிப் பார்த்தார். 75 வயதைக் கடந்து தம் வீடுகளிலேயே வாழ்ந்த 336 பேரை அவரது குழு ஒரு வருடம் பின்தொடர்ந்தது. 1988இல் வெளியான அந்த ஆய்வில் 32 சதவீதம் பேர் விழுந்திருந்தார்கள். முக்கியமான செய்தி அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்தது. தூக்க மருந்து, கால் பலவீனம், நடைத் தள்ளாட்டம், பாதக் கோளாறு, மறதி போன்ற ஆபத்துக் காரணிகளில் எதுவுமே இல்லாதவர்களுக்கு விழும் வாய்ப்பு 8 சதவீதம். நான்கும் அதற்கு மேலும் சேர்ந்திருந்தவர்களுக்கு 78 சதவீதம். எல்லோரும் 75ஐக் கடந்தவர்கள்தான். வாய்ப்போ ஏறக்குறைய பத்து மடங்கு வேறு. ஒவ்வொரு காரணியும் முந்தியதன்மேல் ஏறி உட்கார்கிறது. அப்படியானால் ஒவ்வொன்றாக இறக்கவும் முடியும் என்பதே அந்த ஆய்வு திறந்துவிட்ட வழி.

விழுவது ஏன் முழங்காலில் தொடங்குகிறது என்று பார்ப்போம். நிற்பது சும்மா இருப்பது அல்ல. நேராக நிற்கும் மனிதர் ஒவ்வொரு கணமும் சிறிது முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறார்; அந்த அசைவை உடல் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கான தகவல் மூன்று இடங்களிலிருந்து மூளைக்குப் போகிறது: கண், உட்காதின் சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர் நரம்புகள். வயதாக ஆக உட்காதின் மயிர்க்கலங்கள் குறைகின்றன. கண்ணில் வெண்படலம் வளர்கிறது. நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வை மங்கச் செய்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடு செய்யும். இரண்டு குறைந்தவர் பகலில் முற்றத்தில் நன்றாக நடப்பார். இரவில் விளக்கில்லாமல் கக்கூசுக்குப் போகையில் சாய்ந்துவிடுவார்.

தகவல் சரியாக வந்தாலும் அதன்படி நடக்கத் தசை வேண்டும். கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னே ஊன்றிச் சமாளிக்க ஒரு வினாடிக்கும் குறைந்த நேரமே கிடைக்கிறது. அந்த வேகத்தில் இயங்கும் தசைநார்கள்தான் முதுமையில் முதலில் மெலிகின்றன. மெதுவாக நடக்கப் போதுமான பலம் இருக்கும். திடீரெனச் சுதாரிக்கும் பலம் இருக்காது. முழங்கால் வலித்தால் இன்னொரு கேடும் சேர்கிறது. மூட்டில் வீக்கமோ வலியோ இருக்கும்போது தொடையின் முன்தசை முழு வலுவோடு சுருங்க விடாமல் தண்டுவடத்தின் அனிச்சை இயக்கமே தடுத்துவிடுகிறது. அந்தத் தசையை நாம் அதிகம் நம்பியிருப்பது இறங்கும்போது. கிணற்றுக்குள் வாளியைக் கயிறு விட்டு விட்டு இறக்குவதைப்போல, உடலின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்படிக்கு இறக்குவது அதுதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். முழங்கால் மடங்கி ஆளை விழுத்துவதோ இறக்கத்தில். பலாபத்வலயில் சந்தைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் வைத்தியசாலைக்குப் போகவும் பலருக்கு முதலடியே இறக்கம்.

இயன்மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு எந்தக் கருவியும் வேண்டாம். "அம்மா, போன ஒரு வருசத்துல எங்கயாச்சும் விழுந்தீங்களா?" ஒரு தடவை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு கூடுதல் என்பது மிகப் பல ஆய்வுகள் உறுதி செய்த விஷயம். முதியோரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது இப்படிக் கேட்க வேண்டும் என்று அமெரிக்க, பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கங்கள் 2001இலேயே வழிகாட்டி வெளியிட்டன.

கேட்டால் மட்டும் போதாது. "இல்லீங்க மிஸ், விழல. பீலிக்கரையில லேசா சறுக்கிச்சு, அவ்வளவுதான்" என்று பதில் வரும். விழுந்தேன் என்று ஒப்புக்கொண்டால் மகன் தனியே வெளியே விடமாட்டான், மருமகள் குசினிப் பக்கம் வரவேண்டாம் என்பாள் என்ற பயம். தன் கையால் சமைத்து, தன் காலால் நடந்து வாழ்ந்த ஒருத்திக்கு அது சிறிய இழப்பல்ல. மறதியும் உண்டு. 1988இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், விழுந்தது உறுதியாகப் பதிவான முதியோரில் 13 முதல் 32 சதவீதம் பேர் பின்னர் கேட்டபோது அப்படி ஒன்று நடந்ததையே நினைவுகூரவில்லை. ஆகவே சறுக்கியதா, தடுக்கியதா, சுவரைப் பிடித்துத் தப்பியதா, எழும்ப யாராவது கை கொடுத்தார்களா என்று சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டும். கூட வந்த மகளிடமும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வி நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். சிங்களத்தில் கேட்டால் ஆம், இல்லை என்று தலையாட்டுகிற அளவுக்கே சிங்களம் தெரிந்த தமிழ் மூத்தவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். முழங்காலைத் தொட்டுக் காட்டி வலிக்குது என்று விளங்க வைத்துவிடலாம். பின்னேரம் குளித்துவிட்டு வரும்போது தலை சுற்றிக் கானுக்குள் விழுந்ததைச் சைகையால் சொல்ல முடியாது.

அடுத்தது ஒரு கதிரை, மூன்று மீற்றர் தரை, ஒரு கைக்கடிகாரம். கதிரையிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? 1986இல் பிரித்தானியாவில் மதிப்பெண் போட்டுப் பார்த்த ஒரு சோதனையை, கனடாவைச் சேர்ந்த பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் 1991இல் நேரம் பார்க்கும் சோதனையாக மாற்றினார்கள். அவர்கள் சோதித்த 60 பேரும் முதியோருக்கான பகல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள். சராசரி வயது 79.5. காலையில் வந்து, சிகிச்சை பெற்று, வீடு திரும்புகிறவர்கள். மாத்தளை வாங்கில் காத்திருப்போருக்கு நெருங்கிய உறவினர்கள் என்றே சொல்லலாம். சுகதேகியான முதியவர் 10 வினாடிக்குள் முடித்துவிடுவார். 12 வினாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கையேடு.

இந்த எண்ணைச் சாதகக் குறிப்பாக்கிவிடக் கூடாது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 13.5 வினாடி என்ற எல்லையை வைத்தால் பின்னாளில் விழப்போகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே இந்தச் சோதனை முன்கூட்டிப் பிடித்தது தெரிந்தது. வேகமாக முடித்தவரை, "உங்களுக்கு ஒரு பயமும் இல்லை" என்று அனுப்பிவிட்டால் மீதி இரண்டு பங்கினரைக் கைவிட்டதாகிவிடும். நேரத்தைவிட அதை எப்படிச் செய்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எழும்பும்போது கையை ஊன்றினாரா? திரும்புகையில் எத்தனை சிற்றடி வைத்தார்? உட்காரும்போது கதிரையில் தொப்பென விழுந்தாரா?

அதைவிட எளிய கவனிப்பு ஒன்று உண்டு. சுவீடனில் லில்லெமோர் லுண்டின்-ஓல்சனின் குழு, முதியோருக்கான குடியிருப்பில் இருந்த 58 பேரோடு பேச்சுக் கொடுத்தபடியே நடந்தது. 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். 1997இல் லான்செட் இதழில் வந்தது இந்தச் சின்ன ஆய்வு. நடை என்பது நினைக்காமலே நடக்க வேண்டிய வேலை. அதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படும் நிலை வந்துவிட்டால், பேரப்பிள்ளை பின்னாலிருந்து "அப்பாயி" என்று கூப்பிடுவதே ஆபத்தாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வைத்தியசாலை வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கே கவனிக்கலாம்.

முதியவர்கள் உண்மையில் எப்படி விழுகிறார்கள்? கனடாவின் வன்கூவர் பகுதியில் ஸ்டீபன் ரொபினோவிச்சின் குழு இரண்டு பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கமெரா வைத்து 227 விழுதல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தது. 2013இல் வெளியான முடிவு பலரின் நம்பிக்கையைப் புரட்டியது. வழுக்கி விழுந்தவை 3 சதவீதம்தான். தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். உடற்பாரத்தைத் தவறாக நகர்த்தியதால் விழுந்தவையோ 41 சதவீதம்: திரும்பும்போது, எட்டி எடுக்கும்போது, எழும்பும்போது, உட்காரும்போது. வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. தரையும் தவறு செய்யவில்லை. அந்த இல்லங்களின் உலர்ந்த, சமமான தரை பலாபத்வலயில் இல்லை. ஒக்டோபருக்குப் பின் மழை பிடித்தால் முற்றத்துப் பாசியும், காயப்போட்ட மிளகு சிதறிய சீமெந்தும், பின்பட்டியில்லாத ரப்பர் செருப்பும் சேர்ந்து வழுக்கலின் பங்கை இங்கே நிச்சயம் கூட்டும். ஆனாலும் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாரத்தை நகர்த்தும் வித்தையை உடலுக்கு மறுபடி கற்பிக்காத வரை வேலை பாதியில்தான் நிற்கிறது.

அந்த வித்தையைக் கற்பிப்பதுதான் இயன்மருத்துவத்தின் அசல் பலம். நோயாளிகள் பெரும்பாலும் எதிர்பார்த்து வருவது வேறு. "மிஸ், கரண்ட் வைங்க, அதுலதான் நோவு குறையுது" என்பார்கள். சூடும் மின்சிகிச்சையும் சிலருக்குச் சிறிது நேரம் நோவைத் தணிக்கலாம், விழுவதைக் குறைக்காது. வலி தணியும் இந்தக் கட்டத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று மாதமாக இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தவர், நோவு விட்டதும் மறுநாளே வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குக் கிளம்புகிறார். ஆசை திரும்பிவிட்டது, தசை திரும்பவில்லை. மூன்று மாத ஓய்வு அதை இன்னும் மெலிய வைத்திருக்கும். வலி போய்விட்டது என்று கிளினிக்கை நிறுத்துகிற நாள் பாதுகாப்பான நாள் அல்ல.

என்ன பலிக்கும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று நியூசிலாந்திலிருந்து கிடைத்தது. டனிடின் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜோன் காம்பெலும் குழுவினரும் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரின் வீட்டுக்கு இயன்மருத்துவர் முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை போய், அவரவர் பலத்துக்கேற்ற தசைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். மறு பாதியினருக்கு வழக்கமான பராமரிப்பும் சமூக வருகையும். ஒரு வருடம் கழித்து எண்ணினால், பயிற்சி பெறாத பக்கம் 152 விழுதல். பெற்ற பக்கம் 88. மருந்து இல்லை, யந்திரம் இல்லை. கணுக்காலில் கட்டும் பாரமும் பிடித்துக்கொள்ள ஒரு மேசையும்தான் கருவிகள். 80 வயதுக்கு மேல் பயிற்சியால் பயனில்லை என்பவர்களுக்கு 1997இலேயே பதில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அவுஸ்திரேலியாவின் கத்தரின் ஷெரிங்டன் தலைமையில் 2019இல் வந்த கொக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 108 சோதனைகளையும் 23,407 பேரையும் அலசி, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்றது. எல்லாப் பயிற்சியும் சமமல்ல. சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சிகளுக்குச் சான்று உறுதியாக இருக்கிறது. வெறுமனே நடப்பது விழுதலைக் குறைக்கும் என்பதற்கு இல்லை. "நல்லா நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதை நாம் நிறுத்த வேண்டும். ஷெரிங்டனின் 2017 தொகுப்பில், சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தபோது குறைவு 39 சதவீதமாக இருந்தது.

வாரத்துக்கு மூன்று மணி நேரத்தை எந்த அரச வைத்தியசாலையாலும் ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடியாது. பயிற்சி வீட்டில்தான் நடக்க வேண்டும். இயன்மருத்துவர் சொல்லித்தர, வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க, குசினி மேசையையோ கதவு நிலையையோ பிடித்துக்கொண்டு செய்யக்கூடியவை இவை: கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக உட்காருவது, குதிக்காலை உயர்த்தி விரல்களில் நிற்பது, ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டி ஒரே கோட்டில் நிற்பது, பக்கவாட்டில் அடி வைத்து நடப்பது, ஒரு காலில் நிற்பது. முதலில் இரண்டு கையால் பிடித்து, பிறகு ஒரு கையால், பிறகு விரல் நுனியால். சற்றுத் தள்ளாட வேண்டும். தள்ளாட்டமே இல்லாத அளவுக்குச் சுலபமாகிவிட்டால் உடல் எதையும் கற்காது. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். இந்த எல்லையைச் சரியாகப் பிடிப்பதற்குத்தான் பயிற்சி பெற்ற கண் தேவை.

காலோடு சம்பந்தமில்லாத காரணங்களும் இயன்மருத்துவரின் அறையில் வெளிப்படும். படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அது விழ வைக்கும் இறக்கம். பிரஷர் குளிசையின் அளவை வைத்தியர் மறுபடி பார்க்க வேண்டும், நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. தூக்கக் குளிசையும் அப்படித்தான். காம்பெலின் குழு 1999இல் தூக்க, மன அமைதி மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தபோது விழும் ஆபத்து 66 சதவீதம் குறைந்தது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போட்டவர் படி இறங்குகையில், வாசிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகவே படியைப் பார்க்கிறார். படியின் விளிம்பு மங்குகிறது. வெண்படலச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்தால் விழுதல் குறையும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. நீரிழிவு கிளினிக் ஒரு நாள், கண் கிளினிக் வேறு நாள், இயன்மருத்துவம் இன்னொரு நாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பது பொலித்தீன் உறைக்குள் இருக்கும் கிளினிக் கொப்பி ஒன்றுதான்.

கடைசியாக, அநேகமாக யாரும் சொல்லித்தராத ஒன்று: விழுந்தபின் எழும்புவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்தவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. விழுந்தவர்களில் 80 சதவீதம் பேரால் ஒரு தடவையாவது தானாக எழும்ப முடியவில்லை. 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தார்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட லயத்துக் காம்பராவிலும் இது நடக்கும். அடிபடவில்லை என்று தெரிந்தால் முதலில் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு கால் நிலைக்கு வந்து, கதிரையையோ கட்டிலையோ நோக்கித் தவழ்ந்து, பலமான காலை முன்னே ஊன்றி எழும்ப வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் அசையாமல் உதவி கூப்பிட வேண்டும். பாயில் உட்கார்ந்து எழும்பும் பழக்கத்தை விட்டுவிடாத முதியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். முழங்கால் அனுமதிக்கும் வரை அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இதை வாசிக்கிற நீங்கள் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ என்றால் ஒன்று செய்யுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முன் அம்மாவின் கொப்பியை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் விழுந்ததையும் சறுக்கியதையும், எந்த இடம், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், தானாக எழும்பினாரா என்பதையும் எழுதுங்கள். தமிழ் தெரியாதவர் பார்க்கக்கூடும் என்றால் சிங்களம் தெரிந்த அயலவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதுங்கள். இயன்மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள்.